போலீஸார் கையில் ஜாமர்

வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் போலீஸார் அலைத்தடுப்புக் கருவியாகிய ஜாமரை உபயோகிக்கச் சட்டம் இடங்கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கத்தான் வேண்டும் என்பதே நமது விடை. உயிரைப் பணயம் வைத்துக் குண்டின் அருகே செல்லும் போலீஸ்காரருக்கு அந்தப் பாதுகாப்பை மறுப்பது அநியாயம். ஆனால், அவ்விதம் கொடுத்த விலக்குக்கு எல்லை எது என்று கேட்பதும் பிரஜைகளின் கடமையாகும்.

செல்போனையோ ரிமோட்டையோ குண்டோடு இணைத்து வைத்தவன் தூரத்தில் நின்று கட்டளை அனுப்புகிறான். ஜாமர் அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பி, அக்கட்டளை குண்டை எட்டாமல் செய்கிறது. 2007 மே 18-இல் ஹைதராபாத் மெக்கா மசூதியில் வெடித்தது செல்போன் இணைத்த குண்டே. நமது புதுவையும் இவ்வபாயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2014 ஜனவரியில், அப்பொழுது மத்திய மந்திரியாயிருந்த ஸ்ரீ நாராயணசாமியின் இல்லத்தருகே குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டதை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள்.

எனினும், ஜாமர் சர்வரோக நிவாரணியல்ல. 2004 மார்ச்சில் மாட்ரிட் நகர ரயில்களில் வெடித்த குண்டுகளை இயக்கியது செல்போனின் அலார மணி. வெளியிலிருந்து அழைப்பு எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. அத்தகைய குண்டின் முன் ஜாமர் பயனற்றது. ஆகவே, எந்த மிரட்டலுக்கும் ஜாமரை முடுக்கிவிடுவது பாதுகாப்பாகாது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 48-வது பிரிவு, மத்திய ஸர்க்காரின் அனுமதியின்றித் தொலைத்தொடர்பைத் தடுக்கும் கருவியை உபயோகிக்கலாகாது என்கிறது. 2024 ஜூலையில் இப்பிரிவு அமுலுக்கு வந்தது. தனி மனிதரும் தனியார் ஸ்தாபனங்களும் ஜாமர் வாங்கவே கூடாதென்று 2022-இலேயே தொலைத்தொடர்பு இலாகா எச்சரித்தது. இவையெல்லாம் சரியே. ஆனால், அனுமதி பெற்றவர் எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை நிமிஷத்துக்குத் தடுக்கலாம், பின்னர் யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பவற்றைப் பற்றி அப்பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை.

இது வீண் சந்தேகமன்று. விலக்கு என்பது வளரும் குணமுடையது. பாதுகாப்புக்கென்று வந்த ஜாமர், சிறைச்சாலைக்குப் போயிற்று. பிறகு பரீட்சை மண்டபத்துக்கும் போயிற்று. நாளைக்கு அது பொதுக்கூட்ட மைதானத்துக்கு வராதென்பதற்கு என்ன உறுதி? 1908-இல் சென்னையிலிருந்து புதுவைக்கு வந்த 'இந்தியா' பத்திரிகையைத் தன் எல்லைக்குள் நுழையவொட்டாமல் ஆங்கில ஸர்க்கார் தடுத்தது. 1910-இல் பத்திரிகையே நின்றது. செய்தியைத் தடுக்கும் அதிகாரம் எத்தகையதென்பதை இவ்வூருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஜாமர் நல்லவன் தீயவன் என்று பார்ப்பதுமில்லை. 2025-இல் ராஜ் நிவாஸுக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து, புரளியென்று தெரிந்தன. அத்தகைய புரளியை நம்பி ஆஸ்பத்திரியில் ஜாமரை இயக்கினால், டாக்டரை அழைக்கும் நர்ஸின் குரலும், 108-ஐ அழைக்கும் தாயின் குரலும் சேர்ந்தே அடங்கும். குண்டு வைக்காமலே கெடுதல் செய்தவனாவான் மிரட்டியவன்.

பிற தேசங்களின் வழக்கத்தைப் பார்ப்போம். பிரான்ஸில் ஜாமரைச் சட்டம் பொதுவாகத் தடுத்து, பொது ஒழுங்கு, தேசப் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் என்று விலக்கின் காரணங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அமெரிக்காவிலோ, மாகாணப் போலீஸாருக்கும் நகரப் போலீஸாருக்கும் பொதுவான விலக்கு இல்லை. நம் தேசத்திலேயே, இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளைப் பிரசுரிக்க வேண்டுமென்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி அவ்வுத்தரவு 15 நாளுக்கு மேற்படலாகாது. 5 நாளுக்குள் மறுபரிசீலனைக் குழு கூடவேண்டும். கம்பெனியிடம் சொல்லி நிறுத்தினால் இத்தனை கட்டுப்பாடு. கருவியை வைத்து நிறுத்தினால் மட்டும் ஏன் வேண்டாம்?

நாம் கேட்பது மிகவும் சொற்பம். குண்டு இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தாலன்றி ஜாமரை இயக்கலாகாது. உயர்ந்த அதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அவசரமாயின் காரியம் முடிந்தவுடனே எழுதப்பட வேண்டும். இடமும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் பதிவாக வேண்டும். அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். அந்தப் பதிவை ஒரு குழு பரிசீலித்து, எத்தனை முறை ஜாமர் இயக்கப்பட்டது என்பதையேனும் வருஷந்தோறும் வெளியிட வேண்டும். அலைவரிசை இரகசியங்களை யாரும் கேட்கவில்லை.

இவற்றால் குண்டை அகற்றும் போலீஸ்காரருக்கு ஒரு நிமிஷமும் வீணாகாது. நேர்மையாய் நடந்தவருக்கு அந்தப் பதிவே பின்னால் சாட்சியாகும். மத்திய ஸர்க்கார் இந்நிபந்தனைகளை விதிகளாக்கும் வரை காத்திராமல், புதுவை ஸர்க்கார் தன் போலீஸாருக்கு இன்றே ஓர் உத்தரவாக வெளியிடலாம். உயிரைக் காக்கும் கருவி சுதந்திரத்தைக் குறைக்கும் கருவியாக மாறாதிருக்க அதுவே வழி.