தராசுக்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள்

2022இல் இஸ்தான்புல்லில் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் ஆனபோது நிகத் ஜரீன் ஆடியது 52 கிலோ பிரிவில். பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லை. ஒன்று 50க்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் 54க்கு ஏற வேண்டும். நிஜாமாபாத்தில் பிறந்த அந்தப் பெண் இறங்கினார். 2023இல் டெல்லியில் 50 கிலோவிலும் உலகப் பட்டம் வென்றார். ஆனால் 2024 ஆகஸ்டில் பாரிஸில் சீனாவின் வு யூவிடம் 0-5 என்று தோற்றார். எடைக்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். வு யூ அபாரமான வீராங்கனை; தோல்விக்குப் பட்டினி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒரு உலகச் சாம்பியன் நா வறண்டு மேடையேறியதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பெண்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவள். மாவட்டப் போட்டிகளில் எடை பார்க்கும் காலையில், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எச்சிலைத் துப்பியபடி மைதானத்தைச் சுற்றும் சிறுமிகளைப் பார்க்கிறேன். "ரெண்டு கிலோதானே மேடம், இறக்கிடலாம்" என்கிறார்கள் பெற்றோர். மாதவிடாயை ஒட்டி உடம்பில் நீர் கோத்து எடை கூடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீர் வற்றிய உடம்பில் கால் தளரும், கை தாமதிக்கும். தலைக்கு வரும் குத்தைத் தடுக்க வேண்டிய கை அது.

உச்சத்துக்குப் போகும் பாதையே பெண்களுக்கு இப்படித்தான் போடப்பட்டது. பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்ற 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 10 பிரிவுகள், பெண்களுக்கு 3. அதற்குள் ஐந்து உலகப் பட்டங்களை வென்றிருந்த மேரி கோமின் 48 கிலோ அங்கே இல்லை. 51க்கு ஏறி வெண்கலம் வாங்கினார். அசாமின் லவ்லினா டோக்கியோவில் பதக்கம் வென்ற 69 கிலோவும் பாரிஸில் இல்லை. அவர் 75க்கு ஏறினார். 2028 லாஸ் ஏஞ்சலஸில்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா 7 பிரிவுகள். பெண்கள் போராடிப் பெற்ற நியாயம் இது. மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒலிம்பிக்கின் நெருக்கடியை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? வளரும் வயதில் இன்று இருக்கும் எடைதான் அவளுடைய பிரிவு. பள்ளி, மாவட்டப் போட்டிகளில் எடைக்காகப் பட்டினி போடுவதைச் சங்கங்கள் தடை செய்ய வேண்டும். எடை பார்க்கும் இடத்தில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். விளையாட்டு விடுதிகளில் சோறு போட்டால் மட்டும் போதாது. எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்று சொல்லித்தர உணவியலாளரும் வேண்டும்.

மகளைப் பயிற்சிக்குச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எப்போது பதக்கம் வரும் என்று கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளையை எந்த எடையில் ஆட வைக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். இப்போதைய எடையைவிடக் குறைத்துச் சொன்னால், மறுத்துவிடுங்கள்.