மாடிப்படிக்குக் கீழே லித்தியம் பேட்டரி வைக்கலாமா?

கிணத்துக்கடவு பக்கம் புதுசா வீடு கட்டுகிறவர்களிடம் யு.பி.எஸ். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வேற எங்கீங்க, மாடிப்படிக்குக் கீழதான்" என்பார்கள். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் கோவை வட்டாரத்தை வாட்டிய மின்வெட்டில் ஊறிப்போன பழக்கம் இது. ஆசிட் பேட்டரி, பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டு, மேலே பழைய பேப்பர் கட்டு. பெரிதாக ஒன்றும் ஆனதில்லை.

இப்போது அதே இடத்துக்கு லித்தியம் பேட்டரி வருகிறது. அதுதான் பிரச்சினை.

2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. பேட்டரிக்கு மானியம் இல்லை. ஆனாலும் பகல் கரண்டை ராத்திரிக்கு எடுத்து வைக்க ஆசைப்பட்டு, பலரும் கூடவே வாங்குகிறார்கள்.

லித்தியம் பேட்டரிக்குள் வரிசையாக செல்கள் இருக்கும். அதில் ஒன்று பழுதாகி அளவு மீறிச் சூடேறினால், அந்தச் சூடே அடுத்த செல்லையும் கெடுக்கும். அப்புறம் சங்கிலிதான். அணைத்த பிறகும் சில மணி நேரம், சில நாள் கழித்துக்கூட மறுபடி பற்றலாம். "இது எல்.எஃப்.பி. பேட்டரிங்க, எரியவே எரியாது" என்று கடையில் சொல்வது பாதி உண்மை. மற்ற வகைகளைவிட அது சாதுதான். ஆனால் கெட்டுப்போனால் அதுவும் ஹைட்ரஜன் கலந்த வாயுவை விடும். மூடிய இடத்தில் அது தேங்கினால் வெடிக்கும்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் இரவில் தீப்பிடித்து, தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. அந்தக் கோடையில் நாடு முழுக்க ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு, வண்டி பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 தரம் கடுமையாக்கப்பட்டது. ஒரு செல் எரிந்தால் பக்கத்துக்குப் பரவுகிறதா என்ற சோதனையும் அதில் வந்தது.

வண்டிக்கு அவ்வளவு பார்த்தோம். அதைவிட இரண்டு மூன்று மடங்கு கரண்டைத் தாங்கி, பத்து வருஷம் வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகும் பெட்டியை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? சோலார் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16270 இருக்கிறது; அது பெரும்பாலும் பேட்டரி எப்படி உழைக்கும் என்பதைச் சோதிப்பது. வீட்டில் எங்கே வைக்கக்கூடாது என்பது அதன் வேலை அல்ல.

வெளிநாட்டு விதிகள் பிடித்துக்கொண்டதே அந்த 'எங்கே'யைத்தான். 2024-ல் வந்த பிரிட்டனின் பாஸ் 63100, படுக்கையறை, பரண், மாடிப்படி, வெளியேறும் வழி எதுவும் கூடாது என்கிறது. ஆஸ்திரேலியாவும் மக்கள் புழங்கும் அறைக்குள் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 855 ஒரு பேட்டரிக்கு 20 யூனிட் என்று உச்சவரம்பு வைத்து, இரண்டுக்கு நடுவே மூன்று அடி இடைவெளியும் புகை அலாரமும் கேட்கிறது. நம்ம ஊர் மாடிப்படி இதில் எதிலும் தேறாது. மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கி வர இருப்பது அந்த ஒரே வழிதானே!

புதுசாக ஒரு துறையே வேண்டியதில்லை. சோலார் போட்டால் மின்வாரியத்தினர் எப்படியும் வந்து பார்த்துத்தான் நெட் மீட்டர் வைக்கிறார்கள். அந்தப் படிவத்தில் பேட்டரிக்கும் நான்கு வரி சேர்க்கலாம்: என்ன வகை, எத்தனை யூனிட், ஐஇசி 62619 சான்று உண்டா, எங்கே வைத்திருக்கிறது. பழைய வண்டி செல்களைப் பிரித்து உள்ளூரில் கட்டிய பேட்டரி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். விலை பாதிதான் என்பதால் அதற்கு இங்கே கிராக்கி அதிகம். கைத்திறனில் கோயமுத்தூரை மிஞ்ச முடியாது என்ற நம்பிக்கை வேறு. பம்பு செட்டில் அந்த நம்பிக்கை சரி. செல் பேக்கில் சான்று கேட்டே ஆக வேண்டும்.

அதுவரை, வாங்குகிறவர்கள் கையில் இருப்பது இடம். நிழல் விழும் வெளிச்சுவர் நல்லது. மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம். தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்குக் கவலை குறைவு, காற்றோட்டமான மோட்டார் ரூம் தனியாகவே இருக்கும். ஒயர் இருபது அடி கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு புகை அலாரமும் மாட்டுங்கள். பேட்டரி உப்பினாலோ, விசில் மாதிரி சத்தம் வந்தாலோ, புகை தெரிந்தாலோ, மணலைத் தேடாமல் எல்லோரையும் வெளியே கூட்டி வந்து 101-க்கு அடியுங்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.