எண்ணிக்கை சரி, வேலை சரியா?

டிங்கி காய்ச்சல் கண்ட வீட்டில் எல்லார் வாயிலும் ஒரே சொல்தான்: பிளேட்லெட். "இன்று எவ்வளவு? ஏறியதா, இறங்கியதா?" என்று பாட்டிகூடக் கேட்பார். இதனால் இரத்தத் தட்டணு என்றாலே அது ஓர் எண் என்று நமக்குப் பழகிவிட்டது. அந்த எண் மட்டும் போதாது என்பதே என் கருத்து.

படிவம் 3-இல் இரத்தத்தைப் பற்றிப் படித்ததை நினைத்துப் பாருங்கள். எலும்பு மச்சையில் உருவாகும் தட்டணுக்கள் ஏறக்குறைய 7 முதல் 10 நாள்கள் வாழ்கின்றன. இரத்தக் குழாயில் கீறல் விழுந்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையை அடைக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் பொதுவாக 150,000 முதல் 450,000 வரை இருந்தால் எண்ணிக்கை இயல்பு என்பார்கள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். வகுப்பில் 40 பேரும் வந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேடு சொல்லும். எத்தனை பேர் வீட்டுப்பாடம் செய்தார்கள் என்று சொல்லுமா? முழு இரத்தப் பரிசோதனையில் வரும் தட்டணு எண்ணிக்கையும் அப்படித்தான். 1918இல் சுவிட்சர்லாந்து குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்த பரம்பரை நோயில் தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று சேரா. அதனால் இரத்தம் எளிதில் நிற்காது.

வேலையைச் சோதிக்கவும் வழி உண்டு. 1962இல் கஸ்டவ் பார்ன் வெளியிட்ட முறை, நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஒளிச் சோதனை போல எளிமையானது. தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். ஒளி அதில் குறைவாகவே ஊடுருவும். அதில் தட்டணுக்களைத் தூண்டும் பொருளைச் சேர்த்தால் அவை திரண்டு கட்டியாகும், பிளாஸ்மா தெளியும், ஒளி அதிகமாகப் புகும். ஒளி கூடவில்லை என்றால், தட்டணுக்கள் சேரவில்லை என்று பொருள். இரத்தம் எடுத்த சில மணி நேரத்திற்குள் இதைச் செய்ய வேண்டும். தேர்ந்த கைகளும் வேண்டும். எனவே எல்லாக் கிளினிக்கிலும் இது கிடைக்காது.

அப்படியானால் எல்லா மாணவரும் இச்சோதனை செய்துகொள்ள வேண்டுமா? வேண்டாம். பந்து விளையாடுபவரின் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போவது சாதாரணம். யாருக்குச் சோதனை தேவை என்பதை மருத்துவர் முதலில் முடிவு செய்வது, நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான். அங்கேதான் நாம் தவறுகிறோம்.

மூக்கில் இரத்தம் அடிக்கடி வந்து, அழுத்திப் பிடித்தும் 10 நிமிடத்திற்கு மேல் நிற்காமல் போவது; அடிபடாமலே உடலில் கன்றிப்போன தடங்கள் தோன்றுவது; பல் பிடுங்கிய பின் நெடுநேரம் இரத்தம் கசிவது; மாதவிடாய் 7 நாளைத் தாண்டுவது, அல்லது மணிக்கு ஒரு முறை பேட் மாற்ற வேண்டியிருப்பது. இவற்றைச் சொல்ல வெட்கப்படுகிறோம். சொன்னாலும், "எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் இப்படித்தான்" என்ற பதில் வரும். அது ஆறுதல் அல்ல, மாணவர்களே; அது ஒரு தடயம். பரம்பரை நோய் வீட்டில் பலருக்கு இருப்பது இயல்புதானே?

பின்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் வான் வில்லிபிராண்ட், ஓலாந்து தீவுகளில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து 1926இல் எழுதினார். அவர் முதலில் பார்த்தபோது 5 வயதாக இருந்த சிறுமி, 13 வயதில் தன் நான்காவது மாதவிடாயின் இரத்தப்போக்கால் இறந்தாள். அந்நோயில் தட்டணு எண்ணிக்கை இயல்பாக இருந்ததை அவர் கவனித்தார். தட்டணுக்கள் ஒட்டுவதற்கு உதவும் ஒரு புரதத்தில்தான் குறை என்பது பின்னாளில் தெரிந்தது. இன்று அதைச் சோதித்து அறியலாம், மருந்தும் உண்டு. வாய் திறவாமல் இருந்தால் இரண்டாலும் பயன் இல்லை.

எனவே எவ்வளவு நேரம், எத்தனை நாள், வீட்டில் வேறு யாருக்கு என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். சாப்பிடும் மருந்துகளையும் எழுதுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவை தட்டணுவின் வேலையைக் குறைத்துச் சோதனை முடிவையே மாற்றிவிடும். தாளை அம்மாவிடமோ அப்பாவிடமோ காட்டி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எண்ணிக்கை சரி என்று அவர் சொன்னால் தயங்காமல், மரியாதையோடு கேளுங்கள்: "டாக்டர், வேலையும் சரியா?"