அறப்பணி என்னும் திரை

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 300 பேருக்குக் குறைந்த ஆலைகள் அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யலாம். முன்பு அவ்வெல்லை 100. தொழிற்சங்கங்கள் இதனைக் கண்டித்தன, நாமும் கண்டிக்கிறோம். ஆயினும் நம்மையே தொடும் வரியொன்றை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

1978-இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, பள்ளியும் மருத்துவமனையும்கூடச் சட்டத்தின் கண்ணில் 'தொழில்'தான் என்றது. அதனாலன்றோ நம் விடுதிச் சமையற்காரரும் இரவுக் காவலாளியும், நியாயமின்றி நீக்கப்பட்டால் தொழிலாளர் நீதிமன்றப் படியேற முடிந்தது! புதிய தொழில் உறவுகள் தொகுப்போ, முற்றிலுமோ பெரும்பாலுமோ அறப்பணியில் ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களை அச்சொல்லிலிருந்தே விலக்கிவிட்டது. (கட்டணம் வாங்கும் பள்ளி அறப்பணியாகுமா என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும்.)

காரைக்குடி வட்டாரத்து நிர்வாகி ஒருவர், "இனித் தலைவலி இல்லை, சாமி" என்று நம்மிடம் மகிழ்ந்தார். நமக்கோ நாணமே மிஞ்சியது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் 'ரேரும் நோவாரும்' மடலில், சங்கம் அமைப்பது தொழிலாளரின் இயல்பான உரிமை என்றார். அம்மடலை ஆலையதிபர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டிய நாம், நம் விடுதிச் சமையற்கட்டில் என்றேனும் வாசித்தோமா? ஏழைக்குச் சோறிடுவது அறம்; அச்சோற்றை வடிப்பவளுக்கு முறையிட ஓரிடமில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன?

சட்டம் கேளாவிடினும், பணிநியமன ஆணையையும் சங்கத்தில் சேரும் உரிமையையும் காரணம் கூறாது நீக்கமாட்டோம் என்னும் உறுதியையும் நம் நிர்வாகங்கள் எழுத்தில் தரட்டும். தொழிலாளரான புனித சூசையப்பருக்கு மே முதல் நாள் நாம் ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்கு முன்பே தரட்டும்.