வெள்ளம் வடிந்த வீடுகளில் பூஞ்சணம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்ததும் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. பூஞ்சணம் அதற்குப் பிறகுதான் தலைகாட்டியது, அதுவும் பொங்கலுக்காக அவசரமாகப் பெயின்ட் அடித்த சுவர்களில்.

வெள்ளத்தால் வந்த பூஞ்சணம் கட்டடப் பழுது. குடியிருப்பவரின் சுத்தக்குறைவு அல்ல. அதை நீக்கும் செலவை வாடகைதாரரின் அட்வான்ஸில் கழிக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே கட்டமைப்புப் பழுதையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஒற்றை வீட்டு வாடகையில் காலம் தள்ளும் உரிமையாளர்களும் உண்டு. அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது அரசின் வேலை.

ஓதம் காயாத சுவரில் எமல்ஷன் அடிப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். முழ அளவு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் பெயின்டரைக் கூப்பிடும் நேரம் இன்னும் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை முடியாத ஊரில் இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். பொங்கல் அதற்காகக் காத்திருக்காது என்பது தெரியும். ஆனாலும் சுவர் காத்திருக்கட்டும்.

பிளீச்சிங் கரைசல் கறையை வெளுக்குமே தவிர, ஈரம் உள்ளவரை பூஞ்சணம் திரும்ப வரும். செத்த பூஞ்சணமும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. என்95 முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடையுங்கள். உலர்ந்த விளக்குமாற்றால் தட்டினாலும், பூத்த சுவருக்கு எதிரே மின்விசிறி போட்டாலும் வித்துகள் வீடெங்கும் பரவும். பூத்த மெத்தையையும் ஊறி உப்பிய பிளைவுட் அலமாரியையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டாம்.

2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் வாரக்கணக்கில் நீர் நின்ற வீடுகளில் பூஞ்சணம் கூரைவரை ஏறியது. ஊறிய சுவர்ப்பலகைகளைப் பிய்த்தெறிந்து மரச்சட்டத்தைக் காயவிட்ட பிறகே மறுபடி கட்ட முடிந்தது. நம் செங்கல் சுவரைப் பிய்க்க முடியாது. ஊறிய பூச்சைக் கொத்தி எடுக்கலாம்.

வெள்ளச் சேதக் கணக்கெடுப்பு முதல் வாரத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஒரு மாதம் கழித்து மாநகராட்சி இரண்டாவது ஆய்வு நடத்தி, பூஞ்சணத்தால் கழித்த பொருள்களையும் நிவாரணத்தில் சேர்க்க வேண்டும். மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வசிக்கும் தரைத்தள வீடுகளிலிருந்து அந்த ஆய்வு தொடங்க வேண்டும்.