காரீயமும் கைக்குழந்தையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

காவிரி கடலோடு கலக்கும் நம் ஊரைப் பாடிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் தன் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். காலில் பொன்னணி பூண்ட சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் அது விழுந்து தடையாகக் கிடக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகாரின் செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த இடம் இது. வேதியியல் மாணவியாகிய எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அன்றும் நம் ஊர்க் குழந்தையின் உடம்பில் உலோகம் இருந்தது; கையில் விளையாட்டுத் தேர் இருந்தது. ஆனால் அந்த உலோகம் பொன். எதனோடும் எளிதில் சேராத பொன்னைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் கேடில்லை. இன்று நம் குழந்தைகள் வாயில் வைப்பதெல்லாம் பொன்தானா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகையால் குப்பத்துத் தாய்மார்களுக்கு நானே மருத்துவர், நானே விஞ்ஞானி! "நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியேம்மா, புள்ள பென்சிலைக் கடிச்சுக்கிட்டே இருக்குது, ஈயம் உள்ள போயிடாதா?" என்று ஒரு சின்னம்மா கேட்கிறார். ரசம் வைக்கும் ஈயச் சொம்பைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று ஓர் அத்தை கேட்கிறார். கைபேசியில் வந்த ஏதோ ஒரு செய்தி அவரைக் கலங்க வைத்திருக்கிறது. இவர்களது அச்சத்தைப் படித்தவர்கள் நகைத்து ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அச்சம் நியாயமானதே. அது போய் நிற்கும் இடம்தான் தவறு என்பது என் கருத்து.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஈயம் என்று நாம் சொல்வது இரண்டு தனித்தனி உலோகங்களை. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். கும்பகோணத்து ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயமே. அதில் கலப்படம் செய்யாதவரை அஞ்ச வேண்டியதில்லை. பென்சிலின் உள்ளே இருப்பதோ ஈயமே அன்று; கிராபைட் என்னும் கரி. பென்சிலைக் கடிக்கும் பிள்ளையின் தாய் கவலைப்பட வேண்டுமானால் மேலே பூசிய வர்ணத்துக்காகக் கவலைப்படலாம். விளக்கெண்ணெய் விளக்கின் புகையில் பாட்டி பிடித்த கண் மையும் வெறும் கரிதான். ஆனால் கடையில் வாங்கும் சுருமாக்கள் சிலவற்றில் காரீய சல்பைடு இருக்கிறது. பாட்டியின் மையைக் கேலி செய்துவிட்டுக் கடைச் சுருமாவை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கொடியது காரீயம். கால்சியம் எது, காரீயம் எது என்று உடம்புக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை. கால்சியம் போகும் வழியிலேயே காரீயமும் நுழைந்து, எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது; மூளைக்கும் போகிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடுதல். அதாவது, ஏழைக் குழந்தைக்கே இதிலும் அடி பலம்! இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இது எங்கோ அயல்நாட்டுச் சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அவர்கள் இரத்தத்தில் சராசரியாக ஒரு டெசி லிட்டருக்கு 11.4 மைக்ரோ கிராம் காரீயம் இருந்தது. காரீயம் கூடக் கூடக் கவனக் குறைவும் பதற்றமும் மிகுந்திருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டனர். பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. அது பெரிய நன்மை. ஆயினும் 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, 5 மைக்ரோ கிராமும் அதற்கு மேலும் காரீயம் உள்ள குழந்தைகள் உலகில் 80 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்றும், அவர்களில் ஏறத்தாழ 27 கோடிப் பேர் இந்தியர் என்றும் மதிப்பிட்டது. "மந்தமான பிள்ளை" என்று வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர்களுள் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்களோ, யார் கண்டது?

நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். உப்புப் பகுப்பாய்வில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கப் பொட்டாசியம் குரோமேட் கரைசலை ஊற்றுகிறோம். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு இறங்கியதும் மதிப்பெண் கிடைத்துவிட்டது என்று துள்ளுகிறோம். அந்த மஞ்சளின் பெயர் காரீய குரோமேட். அதுவேதான் 'குரோம் மஞ்சள்' என்ற பெயரில் வண்ணப்பூச்சுத் தொழிலில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது. நிறம் எடுப்பாக இருக்கும்; வெயிலில் எளிதில் மங்காது. ஆரஞ்சுச் சிவப்புக்குச் செவ்வீயம், வேகமாக உலரக் காரீயச் சேர்மங்கள் என்று வர்ணத்தில் அதற்கு எத்தனையோ வேலைகள்.

சட்டம் இல்லாமல் இல்லை. வீட்டு உபயோக, அலங்கார வண்ணப்பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று 2016இல் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொழிற்சாலை உபயோக வண்ணப்பூச்சுகளை அந்த விதி தொடவில்லை. டப்பாவின் மேல் எழுதிய 'உபயோகம்' எதுவாக இருந்தாலும், கடைசியில் அந்த வர்ணம் எந்தப் பொருளின்மேல் ஏறுகிறது என்று யார் பார்க்கிறார்கள்? 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மைகளை விற்கக் கூடாது என்ற ஆணையும் வந்துவிட்டது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அப்படிக் குறியீடு பெற்றது.

இந்த விலக்கை நான் குறை கூறமாட்டேன். கையால் பொம்மை செய்து வயிறு வளர்க்கும் குடும்பம் பரிசோதனைக் கட்டணமும் உரிமக் கட்டணமும் கட்ட முடியாது. ஆனால் முத்திரைக்கு விலக்குக் கொடுத்த கையாலேயே காரீயமற்ற வர்ணத்தை அவர்களுக்கு மலிவு விலையில் கொடுக்கலாமே! கைவினைப் பொருள் விற்க நம் ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டு 'பூம்புகார்' விற்பனை நிலையங்களை நடத்தும் அரசுக்கு இது பெரிய வேலையா? ஒரு சொட்டு வர்ணமும் பூசாமல் பல தலைமுறைப் பிள்ளைகளோடு விளையாடிய மரப்பாச்சியும் நம்முடையதுதான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் நம் சங்கமத் துறையில் கூடும் கூட்டம் எல்லோரும் அறிந்ததே. டெல்டாப் பிள்ளைகள் சப்பரத் தட்டி இழுப்பதும் அந்நாளில்தான். திருவிழாக் கடைகளில் ஊதல், பம்பரம், பளபளக்கும் சிறு வளையல், பதக்கம் கோத்த சங்கிலி என எல்லாம் கிடைக்கும். அவற்றில் எதில் என்ன உலோகம் இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. 2006இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், கைச்சங்கிலியில் தொங்கிய இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்தான். சோதித்ததில் அந்தப் பதக்கம் நூற்றுக்கு 99 பங்கு காரீயம்! காசு வாங்காமல், காலணி வாங்கியதற்கு இலவசமாகக் கொடுத்த சங்கிலி அது.

நம் கடற்கரைக்கென்று தனிக் கவலை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் என்னிடம் கேட்டதில்லை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு சுத்தமான காரீயம். வீட்டுத் திண்ணையில் வலை கிடக்கும். உதிர்ந்த குண்டுகளைப் பொறுக்கிப் பிள்ளைகள் கோலிபோல ஆடும். என் தம்பியும் ஆடுகிறான். ஆடிய கையோடு சோறும் தின்பான். பழைய காரீயத்தை அடுப்பில் உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள் வீட்டிலோ புகையும் தூசும் வேறு. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலுள்ள கார்த்தகேனா நகரிலும் இப்படி வலைக்குண்டு வார்க்கும் மீனவர் பகுதிகளின் குழந்தைகளிடம் காரீயம் மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். வலை வேண்டாம் என்றால் எங்கள் அடுப்பு எரியாது. வார்ப்பதை வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் வராத இடத்தில் செய்யலாம். குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்யலாம். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

மற்றவற்றையெல்லாம் "தாய்மார்கள் விழிப்போடு இருக்க வேண்டும்" என்று மேடையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கூலிக்குப் போய்வரும் தாய், பத்து லட்சத்தில் 90 பங்கை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? விழாக் காலங்களில் உணவுக் கடைகளைச் சோதிப்பதைப்போல பொம்மைக் கடைகளையும் அதிகாரிகள் சோதிக்க வேண்டும். குழந்தையின் இரத்தத்தில் காரீயம் பார்க்கும் வசதி தனியார் கூடங்களில் காசுள்ளவர்க்கு மட்டும் என்றில்லாமல், மாவட்ட அரசு மருத்துவமனையிலேனும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நம் துறைப் பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரும் ஆடியில் கடைத்தெருவில் பத்து இருபது பொம்மைகளை வாங்கி, வர்ணத்தைச் சுரண்டி, மூசையில் எரித்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டிப் பார்த்தால் என்ன? பொட்டாசியம் அயோடைடில் மஞ்சள் வந்து, சுடுநீரில் கரைந்து, ஆறியதும் பொன் தகடாக மின்னினால் அது காரீயம்தான். மஞ்சள் வராவிட்டால் பொம்மை நல்லது என்று சான்று கொடுக்கவும் கூடாது. 90 பங்கு என்னும் நுண்ணளவை நம் சோதனைக் குழாய் காட்டாது. அதற்குப் பெரிய கருவி உள்ள கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பொம்மை வாங்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும். அமிலத்துக்கும் அனுமதிக்கும் துறைதான் மனம் வைக்க வேண்டும்.