‘வயது போனால் வருவதுதானே’

கருப்பை இறக்கம் என்று எழுதுவதற்கே எமது தமிழ்ப் பத்திரிகைகள் கூசுகின்றன. ‘பெண்களுக்கான சில உபாதைகள்’ என்று தலைப்பிட்டு, நோயின் பெயரைச் சொல்லாமலே பக்கத்தை நிரப்பிவிடுகின்றன. வீட்டிலோ ‘வயது போனால் வருவதுதானே’ என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடுகிறது. இந்தக் கூச்சத்திற்கு விலை கொடுப்பவர்கள் பெண்களே.

ஆரம்ப நிலையில் சத்திரசிகிச்சையின்றியே நிவாரணம் தேட வழியுண்டு. அமெரிக்க மகளிர் மருத்துவரான ஆர்னோல்ட் கெகல், பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி பற்றி 1948இலேயே எழுதிவிட்டார். இயன்மருத்துவரிடம் தனித்தனியே பயிற்சி பெற்ற பெண்களுக்கு இறக்கத்தின் தொல்லைகள் குறைந்ததை, 2014இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. முற்றாக வெளியே வந்துவிட்ட கருப்பையைப் பயிற்சி மேலேற்றாது என்பதும் உண்மை. அந்நிலையில் வளையமோ சத்திரசிகிச்சையோ தேவைப்படும். அந்த நிலைக்குப் போகுமுன் யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

துண்டுப்பிரசுரம் கொடுத்தால் போதுமே என்பார்கள். போதாது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோலத் தசையை உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில விநாடிகள் பிடித்து, பின்னர் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஆனால் பலர் இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது தீங்கையே கூட்டும். கண்ணுக்குத் தெரியாத தசையின் பிழையைக் காகிதம் எப்படித் திருத்தும்? பிரித்தானியாவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முதலிரு நிலைகளில் உள்ளவர்களுக்குக் குறைந்தது 16 வாரங்கள் மேற்பார்வையுடனான பயிற்சியைப் பேசுவது இதனால்தான்.

அடுத்தது, ‘பாரம் தூக்காதீர்கள்’ என்ற புத்திமதி. மலையகத்தில் கொழுந்துக் கூடையோடு மேடு ஏறி இறங்கும் பெண்ணிடம் இதைச் சொல்பவர், அந்தக் கூடையை இனி யார் சுமப்பது என்றும் சொல்ல வேண்டும். மலச்சிக்கலையும் உடல் எடையையும் கவனிப்பது ஓரளவு அவள் கையில். கூடையின் நிறை தோட்ட நிர்வாகத்தின் கையில் அல்லவா? நேபாள உச்ச நீதிமன்றம் 2008இல் கருப்பை இறக்கத்தை இனப்பெருக்க உரிமை தொடர்பான விடயமாகவே கண்டு அரசுக்குக் கட்டளையிட்டது. அங்கே அது குடும்ப இரகசியமாக விடப்படவில்லை.

இலங்கையில் பிரசவத்தின் பின் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். குழந்தையைப் பார்க்கும் அதே வருகையில், ‘கீழே பாரமாக இருக்கிறதா?’ என்று தாயிடம் கேட்கவும் பயிற்சியைச் சரியாகக் கற்பிக்கவும், அவருக்கு முதலில் பயிற்சியும் நேரமும் கொடுங்கள். பிரசுரத்தைப் பிறகு அச்சடிக்கலாம்.